ஒட்டடைக்குச்சிக்கும் பொடிசுக்கும் நடுவில் விழுந்த பந்து

விசில் தாங்கிய கழுத்தினள், வெயில் தின்ற முகத்தினள், ஒன்பது சிறுமியரையும் ஆறு கையுறைகளையும் கைப்பிடி உரிந்த ஒற்றை மட்டையையும் படையாகக் கொண்டு பார் வெல்லப் புறப்பட்ட பெருந்திறலாள், பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர் என்னும் எங்கள் தலைவியின் புகழைப் பாடப் புகுந்தோம். தமிழே, எங்கள் நாவில் வந்து உட்கார். வாக்கியங்கள் நீளம், மைதானத்தில் நிழலும் கிடையாது, வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டு வா.

சாஃப்ட்பால் என்பது பெயரில் மட்டுமே மென்மை உடையது, நெற்றியில் பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய மாதுளம்பழம் அளவுள்ள அந்த மஞ்சள் பந்தை வைத்து வாரம் மூன்று பீரியட் அரசாண்டவர் எங்கள் தலைவி. ஒன்றைத் தேர்வு கொண்டுபோயிற்று, இன்னொன்றைக் கணினி கொண்டுபோயிற்று. எஞ்சிய வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடின் மீதும் கணக்கு டீச்சரின் கண் விழுந்துவிட, மண்டலம் நடுங்கும் குரலுடைய தலைமையாசிரியை தம் அறையிலிருந்து பிரகடனம் செய்தருளினார்: "வர்ற வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன். ரெண்டு பேருக்கு நடுவுல மேல போற மூணு பந்துல ஒண்ணையாவது ஒருத்தி ஒழுங்கா பிடிச்சா, பீரியட் உங்களுக்கு. இல்லன்னா கணக்குக்குக் குடுத்துடுவேன்."

ஆதலின் தினமும் பள்ளி விட்டபின் போர் மூண்டது. காலை அகட்டி நில், முட்டியை மடக்கு, கையுறையை முகத்துக்கு மேல் விரி, பந்து வரும்போது கண்ணை மூடாதே, விழுந்ததும் மறு கையால் பொத்து என்று தொண்டை வறள முழங்கி, பந்தைக் கண்டால் தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டிருந்த அந்த ஒன்பது பேரையும் நிமிர்ந்து நிற்கவைத்தார் தலைவி. தனியாக நின்றால் ஒவ்வொருத்தியும் பிடித்தாள். பிறகுதான் கடைசிப் பாடம் வந்தது. இரண்டு பேருக்கு நடுவே பந்து வந்தால், பிடிக்கப் போகிறவள் "எனக்கு" என்று கத்த வேண்டும், மற்றவள் ஒதுங்க வேண்டும். இவ்வளவுதான் பாடம், இதிலேதான் குடி முழுகியது.

ஏனெனில் அந்தப் பள்ளி, சேர்ந்த நாள் முதலாக வாயில் விரல் வைத்து நிற்கக் கற்பித்த பள்ளி. ஒன்பதாம் வகுப்பு லீடராகிய ஒட்டடைக்குச்சி, உயரத்தில் கொடிக்கம்பத்துக்குத் தங்கை, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவள். ஆறாம் வகுப்புப் பொடிசோ, கையுறையைப் போட்டால் முழங்கை வரை காணாமல் போகிறவள், 'அமைதியான மாணவி' பரிசை இரண்டு முறை வென்றவள். வானளந்து இறங்கிய பந்தின் கீழே இவ்விருவரும் வந்து சேர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பணிவோடு பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க பிடிங்கக்கா."

"பரவால்ல, நீ பிடி."

பந்து இருவருக்கும் நடுவே தொப்பென்று விழுந்தது.

பந்தே இல்லாமல் வரிசையில் நிறுத்திக் கத்தச் சொன்னார் தலைவி. தூங்குகிற கைக்குழந்தையை எழுப்பாமல் கதவைச் சாத்துகிற குரலில் ஒன்பது பேரும் "எனக்கு" என்றார்கள். "வயித்துலேர்ந்து வரணும்டி," என்றார் தலைவி. "கத்தினா பேரு எழுதுவாங்களே டீச்சர்," என்றாள் ஒருத்தி. எட்டுத் தலைகள் ஒட்டடைக்குச்சியின் பக்கம் திரும்பின. அவள் வெகுநேரம் யோசித்து, "இங்கதான் போர்டு இல்லையே," என்று அபயம் அளித்தாள்.

வந்தது வெள்ளி. வராந்தாவில் நாற்காலி இட்டு அமர்ந்தார் தலைமையாசிரியை. அவர் அருகே, வெற்றி உறுதி என்று முன்கூட்டியே வினாத்தாள் கட்டோடு வந்து நின்றார் கணக்கு டீச்சர். தலைவி மட்டையை ஓங்கினார். இந்த ஒரு பீரியடும் போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் காலை வழிபாட்டில் வரிசை சரிசெய்வதும் வராதவர்களின் வகுப்பில் போய் உட்காருவதும்தான் தன் உத்தியோகம் என்று அவருக்குத் தெரியும்.

முதற்பந்து, மரியாதையால் மாண்டது. இரண்டாம் பந்துக்கு, ஊமைக் களிறுகள் இரண்டு மோதினாற்போல இருவரும் ஓசையின்றி ஓடிவந்து முட்டிக்கொண்டார்கள். ஒட்டடைக்குச்சியின் முழங்கை பட்டுப் பொடிசின் நெற்றி புடைத்தது. வலித்ததற்குக்கூட அவள் சத்தம் போடவில்லை. கணக்கு டீச்சர் கட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் பந்து எழுந்தது. கட்டடத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, கதிரவனின் கண்ணையே குத்திவிடுவதுபோல் ஏறி, ஒரு கணம் தயங்கி, பின் மஞ்சள் இடியென அது இறங்குகையில், ஒட்டடைக்குச்சி வழக்கம்போல் "நீ பிடி" என்று சொல்ல வாய் திறக்குமுன், புடைத்த நெற்றி விண்விண்ணென்று தெறிக்க, ஆறு ஆண்டுகளாக விரல் வைத்து மூடிய வாயெல்லாம் ஒரே வாயாகத் திறந்தாற்போல் பொடிசு கத்தினாள்.

"எனக்கு!"

காக்கைகள் கலைந்தன. எட்டாம் வகுப்பில் சாக்பீஸ் ஒடிந்தது. மணி அடிக்க வந்தவர் சுத்தியலோடு உறைந்து நின்றார். ஒட்டடைக்குச்சி இரண்டடி ஒதுங்கினாள். திறந்த கண்ணோடு நின்ற பொடிசின் கையுறைக்குள் பந்து வந்து விழுந்தது, மறு கையும் வந்து பொத்தியது. மற்ற எட்டுப் பேரும் அவளைச் சூழ்ந்து எனக்கு, எனக்கு என்று எதற்கென்றே தெரியாமல் கத்தித் தீர்த்தார்கள். தலைவிக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கு வந்த எட்டு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது.

நாற்காலி நகர்ந்தது. தலைமையாசிரியை படியிறங்கி வந்தார். "பிடிச்சது பிடிச்சதுதான், ஒத்துக்கறேன். பீரியட் உங்களுக்கே இருக்கட்டும்," என்றார். "ஆனா பொம்பளப் பிள்ளைங்க இப்படியா கத்துறது? தெரு வரைக்கும் கேட்குது. இனிமே சத்தம் போடாம விளையாடச் சொல்லுங்க."

அப்பொழுது எங்கள் தலைவியின் மார்பினுள்ளே, எட்டாண்டு ஆசிரியர் கூட்டங்களில் சொல்லாமல் விழுங்கிய சொற்களெல்லாம் தேரும் கரியும் பரியுமாய் அணிவகுத்து, முரசறைந்து, கொடி உயர்த்தி, தொண்டையின் கோட்டைவாயில் வரை திரண்டு வந்து, ஆணைக்காகக் காத்து நின்றன. அவர் மூச்சை இழுத்தார், நெஞ்சை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துப் பையில் போட்டார்.