முதல் வகுப்பில் தேறிய தண்ணீர்

உலக வரலாற்றில் ஒரு சொட்டைக்கூடத் தொடாமல் குடிநீரைச் சுத்தப்படுத்திக் காட்டிய ஒரே தெரு, மேனாம்பேட்டில் உள்ள எங்கள் தெருதான். அந்தக் காலத்து ராஜாக்கள் ஏரி வெட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள். நாங்கள் கூட்டம் போட்டோம். நலச் சங்கத் தலைவர் கஜபதி என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எல்லாம் தெருக்கோடி வீட்டுப் புஷ்பாவால் ஆரம்பித்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர். அவர் மகள் கார்த்திகாவுக்கு டைபாய்டு வந்து, தேறி, மறுபடியும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சங்கக் கூட்டத்துக்கே வந்தார்.

"தலைவரே, குடிக்கிற தண்ணி பைப்பு சாக்கடைக்குள்ளாற போவுது. எங்கூட்டாண்ட ஒடைஞ்சிகினு கீது. அத்த மேல எட்த்துப் போடச் சொல்லுங்க. எம்பொண்ணு கஞ்சி கூட எறக்க மாட்றா."

"உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா. தண்ணீர் கெட்டுப்போச்சுன்னு விஞ்ஞானம் சொல்லணும்" என்றேன்.

உடனே 'குடிநீர்த் தர மேம்பாட்டு உயர்மட்டக் குழு' அமைத்தோம். குழு நெடுநேரம் விவாதித்தது. தொண்டை வறண்டபோதெல்லாம் கேன் தண்ணீர் குடித்துவிட்டு மேலும் விவாதித்தது. முடிவில் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு மனு போட்டோம். சோதனையில் தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால் பைப்பை மாற்றித் தருவதாக அலுவலகமும் பெரிய மனது பண்ணியது.

மாதிரி எடுக்க டில்லிபாபு என்ற அலுவலர் நல்ல மத்தியான வெயிலில் வந்தார். முறைப்படி தலைவர் வீட்டுக்குத்தான் வந்தார். எங்கள் தெருவில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வரும். என் வீட்டுக் குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்று வந்தது.

"காலி பாட்டிலோட போனா மெமோ குடுப்பாங்க சார். நான் இன்னும் வெள்ளானூர் வேற போவணும்" என்றார் பரிதாபமாக.

வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் மனைவி நாகவல்லி அவருக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீர் கொடுத்தாள். அப்படியே அவர் பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தாள்.

"ஆபீசருக்குப் போய் கொயாத் தண்ணியா குடுக்கிறது? நாளைக்கு நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றாள்.

அந்தப் பண்பாட்டின் முன் நான் தலைவணங்கினேன். டில்லிபாபுவும் வணங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

முடிவு வந்தது: 'மிகச் சிறந்த தரம்.' எனவே பைப்பை மாற்றுவதற்கு 'அவசியம் எழவில்லை.' தண்ணீர் முதல் வகுப்பில் தேறிவிட்டதால் கோளாறு கார்த்திகாவிடம்தான் இருக்க வேண்டும் என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது. பெண் ஒழுங்காகக் கை கழுவுகிறாளா என்று கவனிக்கும்படி புஷ்பாவுக்கு ஆலோசனையும் இலவசமாக வழங்கியது.

பிறகு பாராட்டு விழா. பந்தல், மைக் செட், என் பெயர் பொறித்த கல்வெட்டு. சிறப்பு விருந்தினர் டில்லிபாபு. நான் பேசி முடிக்கும் நேரம் பார்த்து, கையில் எவர்சில்வர் சொம்போடு புஷ்பா மேடை ஏறினார்.

"காத்தால புட்ச்ச தண்ணி. நீங்க பாஸ் பண்ண வெச்ச தண்ணி. மொதல்ல நீங்க குடிங்க தலைவரே, அப்பால சார் குடிக்கட்டும். குட்ச்சிட்டீங்கன்னா நான் வாய மூடிகினு போயிடறேன்."

டில்லிபாபு செல்போனைக் காதில் வைத்து அவசரமாகப் பேசிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார். போன் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் சொம்பை எட்டிப் பார்த்தேன். மூக்குக்கு எட்டியதே போதுமானதாக இருந்தது.

"இன்னைக்கு எனக்கு விரதம்மா."

"வெரதத்துல தண்ணி குடிக்கலாமே?"

"இது கடுமையான விரதம்" என்றேன்.

புஷ்பா சொம்பைக் கல்வெட்டின் மேல் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கப் போனார்.

பைப்பு இன்னும் சாக்கடைக்குள்தான் போகிறது. கார்த்திகா இன்னும் வீடு திரும்பவில்லை. இதற்காகத் தெருவில் சிலர் என்னைப் பொய்யன் என்கிறார்கள். அபாண்டம். ஊரறிய மேடையில் அறிவித்த அந்த விரதத்தை, எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பொறுத்தவரை, நானும் என் குடும்பமும் இன்றுவரை முறித்ததே இல்லை.