செட்டில் ஆகாத சம்பந்தம்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
1966, ஆனி மாதக் கடைசி

வேலூர் மைத்துனர் கோவிந்தராஜ் அவர்கள் சமூகத்துக்கு, பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ருக்குவும் மகள் ஜெயலட்சுமியும் சுகம். நீங்கள் பெண் பார்க்க அனுப்பிவைத்த ஜம்புலிங்கம், அவர் சம்சாரம் மரகதம், பிள்ளை பாலசுப்பிரமணியம் ஆகிய மூவரும் எங்கள் வீட்டிலேயே பரம சுகம். அங்கு உங்கள் சுகத்தை விசாரிப்பது முறை. இப்படி ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றிவிட்டு நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று தெரிவதால் விசாரிக்கவில்லை.

பையன் பேங்க்கில் நன்றாகச் செட்டில் ஆனவன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. நான் மராமத்து இலாகாவில் குப்பை கொட்டுகிறவன். எங்கள் ஆபீசில் சுவர் பூமிக்குள் இறங்கி விரிசல் விட்டால்தான் ‘செட்டில் ஆகிவிட்டது’ என்று ஓவர்சியர் ரிப்போர்ட் எழுதுவார். அது போகட்டும், வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்திலேயே இந்தத் தீவுக்கு செட்டில்மென்ட் என்றுதான் பேர் வைத்தான். வந்தவன் திரும்பிப் போகமாட்டான் என்று அர்த்தம். இப்போது சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றுகிறவர்களுக்கும் செட்டிலர் என்றுதான் பேர். அவர்களும் திரும்பிப் போகிற உத்தேசத்தோடு வரவில்லை. மூன்றாவதாக வந்திருப்பது உங்கள் ஜம்புலிங்கம் குடும்பம்.

வந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்” என்றார். நானும் சரி என்று கைகூப்பி வாசல்வரை வந்து வழியனுப்பினேன். அப்புறம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது, ஊருக்குப் போவதற்குக் கப்பல் வேண்டுமென்று. அவர்களை இறக்கிவிட்ட கப்பல் நிக்கோபார் போன இடத்தில் என்ஜின் கெட்டுப் படுத்துவிட்டது. மழையென்றால் உங்கள் ஊர் மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. போன சம்பந்தி வாசற்படியிலிருந்தே திரும்பி வந்து, “கடல் செட்டில் ஆகட்டும், கிளம்பிடறோம்” என்று ஊஞ்சலில் உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தம் பேசி முடிகிறவரை பெண் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று முதலில் ஜங்லிகாட் மெஸ்ஸுக்குப் போய்த்தான் சாப்பிட்டார்கள். முதல் பெருமழையிலேயே அந்த வழக்கம் கரைந்து போயிற்று. இப்போது மூன்று வேளையும் நம் வீட்டில்தான் நனைகிறது. ஜம்புலிங்கம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, “வயிறு செட்டில் ஆகணும்” என்று வயிற்றைத் தடவிக்கொண்டு படுப்பார். அந்த அம்மாள் ருக்குவைத் தள்ளிவிட்டுக் காப்பி ஃபில்டர் பக்கத்தில் நின்று, “அவசரப்படாதீங்க, பொடி செட்டில் ஆகட்டும்” என்று பாடம் எடுக்கிறாள். போர்வை, தலையணை, என் சாய்வுநாற்காலி எல்லாம் அவரவர்க்கென்று செட்டில் ஆகிவிட்டன, நான் மட்டும் சொந்த வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துவீட்டு வங்காளி, “பாபு, ஆப்கே கர் மே நயா செட்லர் ஆயா க்யா?” என்று கேட்கிறான், உங்கள் வீட்டில் புதுக் குடியேற்றமா என்று! ஜங்லிகாட் கடைக்கார ஜெய்னுதீன் பாயோ, “என்ன சார், பால் பவுடர் இவ்ளோ வாங்குறீங்க, சம்பந்தம் கூடிடுச்சா?” என்கிறார். கூடிற்றா இல்லையா என்று எனக்கே தெரியாதே!

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஜம்புலிங்கத்திடம் நேராகவே கேட்டுவிட்டேன். “ஐயா, பெண்ணைப் பிடிச்சிருக்கா, இல்லையா?” அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? பொண்ணு வீட்ல உக்காந்துக்கிட்டு வார்த்தை சொல்றது எங்க பரம்பரையிலயே கெடையாது. ஊருக்குப் போயித்தான் லெட்டர் போடுவோம். இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொல்லுங்க” என்றார்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். கேளுங்கள். சில நாளாக அப்பனும் பிள்ளையும் காலையில் சாத்தம் படகுத்துறைக்குப் போய்ப் படகேறி, துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகிறார்கள். கேட்டால், “சும்மா காத்து வாங்க” என்கிறார். மழையில் என்ன காத்து? ஜெய்னுதீன் பாயிடம் சொன்னேன். “அக்கரையில நம்ம கான்ட்ராக்டர் சண்முகம் இருக்காரு, அவருக்கும் ஒரு பொண்ணு இருக்காப்ல” என்று ஒரு வார்த்தை போட்டார். நம் வீட்டில் சாப்பாடு, அக்கரையில் பெண் பார்க்கிறதா!

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அதே படகில் ஏறினேன். அடையாளம் தெரியாமலிருக்கக் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். காற்றில் குடை கடலுக்குப் போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் போய்ச் செருப்பில் ஒன்று அதன் பின்னாலேயே போயிற்று. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு பின்தொடர்ந்தேன். தபாலாபீஸ் பக்கம் போனார்கள், வெளியே வந்து கையைப் பிசைந்தார்கள், அங்கிருந்து நேராகச் சண்முகத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. எனக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், மச்சான்?

வீட்டுக்கு வந்தால் ஜெயலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். “அப்பா, பிடிக்கலைன்னா சொல்லிடச் சொல்லுங்க. பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் காப்பி கொடுக்கறது ஒரு நாளுன்னா சரி. தினமும் அந்த டம்ளரை நீட்டிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியலை” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பெற்ற ஒரே பெண். யாரோ ஒருவர் வாய் திறக்காததற்காக அவள் ஏன் அழவேண்டும்?

ஆகவே நீங்கள் இந்தக் கடிதம் கண்டதும் ஜம்புலிங்கத்தின் பூர்வோத்தரம், பையன் உண்மையிலேயே எங்கே, எதில், எவ்வளவு ஆழம் செட்டில் ஆகியிருக்கிறான் என்பதை விசாரித்து எழுதவும். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கப்பல் வந்தவுடன் மூட்டை முடிச்சோடு ஏற்றிவிடப் போகிறேன். தபாலும் அதே கப்பலில்தான் வரும் என்பதால் இந்தக் கடிதமும் அவர்களும் சேர்ந்தே உங்கள் வாசலுக்கு வந்தாலும் வரலாம். கடிதத்தை முதலில் உள்ளே விடவும்.

தங்கள் குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
பக்தவத்சலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரன் ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தான். பாம்பூஃப்ளாட் தபாலாபீஸ் முத்திரை. எழுதியிருப்பது ஜம்புலிங்கம்: ‘நாங்கள் கடல் கடந்து க்ஷேமமாய் வந்து சேர்ந்தோம். பெண்ணை எங்கள் எல்லாருக்கும் முதல் நாளே பிடித்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் தெரிவிப்பது முறையென்று எழுதலானோம்.’ கீழே பையன் கையெழுத்தில் ஒரு வரி: ‘காப்பி தினமும் நன்றாகவே இருக்கிறது என்று பெண்ணிடம் சொல்லவும்.’

நான் இதைப் படிக்கும்போது எழுதினவர் எதிரில் உட்கார்ந்து அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “லெட்டர் ஏதும் வந்துச்சுங்களா? என்ன எழுதியிருக்காங்க?” என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். அக்கரைத் தபாலாபீஸில் கார்டு தீர்ந்து, அதுவும் கப்பலில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டதால் தினமும் நடையாக நடந்து, கடைசியில் சண்முகத்திடம் ஒரு கார்டு கேட்டு வாங்கினார்களாம். சண்முகத்தின் மகள் இன்னும் தொட்டிலில்தான் இருக்கிறாளாம். ஜெயலட்சுமி கார்டை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும்.

என்ஜின் சரியாகிக் கப்பல் வந்துவிட்டது, வியாழக்கிழமை புறப்படுகிறது. அதில் இந்தக் கடிதம் மட்டும்தான் வருகிறது. ஆவணியில் கல்யாணம் இருக்கும்போது போய்விட்டு மறுபடி வருவது வீண் அலைச்சல் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டாள். நீங்கள் கல்யாணத்துக்கு வரும்போது தயவுசெய்து திரும்பிப் போகிற டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு வரவும்.