போலி என்று தாங்கள் எழுதிய துப்பாக்கி குறித்து

பழைய ஆலைச் சாலை,
ஆடம்ஸ் கவுண்டி, பென்சில்வேனியா.
திங்கட்கிழமை, 12 அக்டோபர் 1987

படைத்துப்பாக்கிச் சேகரிப்போர் மடலின் ஆசிரியரும், அதில் வரும் ‘இது என்ன துப்பாக்கி?’ பகுதியின் ஒரே நீதிபதியுமான உயர்திரு ராய்ஸ் ஹெட்ரிக் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எல்வுட் ஸ்டாம்பாக் பணிவோடு எழுதுவது. நான் நலம். தங்கள் நலம், தங்கள் இல்லாள் நலம், தங்கள் இடது முழங்காலின் நலம் யாவும் அறிய ஆவல். என் மனைவி ஆர்லீனும் நலமே, ஆனால் இங்கே இல்லை, யார்க் நகரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சென்ற மாதம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் நான் எடுத்த 1861-ஆம் மாடல் உள்நாட்டுப் போர்த் துப்பாக்கியின் படங்கள் நான்கைத் தங்களுக்கு அனுப்பியிருந்தேன். கட்டையில் யாரோ பேனாக்கத்தியால் ஜே. கே. என்று செதுக்கியிருப்பதையும் படமெடுத்திருந்தேன். பூட்டுத் தகட்டில் 1863, குழாயில் 1862 என்று வருடம் மாறியிருப்பதைப் பிடித்துக்கொண்டு தாங்கள், ‘இது உதிரிகளைக் கோத்துச் செய்த போலி, இதைச் சுமந்து எந்தச் சிப்பாயும் போர்க்களம் போனதில்லை, கணப்புக்கு மேலே மாட்ட நன்றாயிருக்கும்’ என்று என் பெயரோடு அச்சடித்துவிட்டீர்கள். முந்தின வருடக் குழாய் மிச்சமிருந்தால் அதையே அடுத்த வருடத் துப்பாக்கியில் பூட்டி அனுப்பினார்கள் என்பது என் பேருந்தில் வந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அது போகட்டும். மடல் வந்த மத்தியானம், வயிற்றெரிச்சல் தாங்காமல், அந்த வரிகளைத் துப்பாக்கியின் முன்னால் நின்று இரண்டு தடவை உரக்கப் படித்தேன். செய்த தப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் சேகரிப்போர் சங்கத்து விதிப்படி, துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன் குழாய்க்குள் குச்சி விட்டு அளந்துவிடுவது என் வழக்கம். ஏலத்தன்று குச்சி அடிவரை போனது, குழாய் காலி. மடலைப் படித்த மறுநாள் காலை, ஆர்லீன் அடுப்பில் பன்றிக்கறி ஸ்கிராப்பிள் வறுத்துக்கொண்டிருக்க, வழக்கம்போல் குச்சியை விட்டேன். இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு மறுநாள் நான்கு அங்குலம். அதற்கும் மறுநாள் ஆறு. இரண்டு அங்குலம் என்றால் ஒரு தடவைக்கான வெடிமருந்தும் ஒரு குண்டும் என்பது தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரைவிரிப்பின் மேல் தினமும் ஒரு துண்டுக் காகிதம் கிடக்கிறது, ஓரத்தில் பல்லால் கடித்துக் கிழித்த தடம், அந்தக் காலத்துச் சிப்பாய்கள் காகிதத் தோட்டாவைக் கடித்துப் பிரித்த மாதிரியே. ஒன்றை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன், தங்கள் மடலின் பதினேழாம் பக்கம். தங்கள் தீர்ப்பு வந்த பக்கமேதான். தூண்டில் பெட்டியில் இருந்த ஈயக் கட்டிகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

பக்கத்துப் பண்ணை மெர்ல் பாக்மன், தங்களுக்குத் தெரியும், நம் சங்கத்தில் பொத்தான் சேகரிப்பவர், வந்து குச்சியை அவரே விட்டுப் பார்த்தார். “யோவ் எல்வுட், இதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல. உன் பெண்டாட்டிதான்யா உன்னைக் கேலி பண்ண அடைச்சு வைக்கிறா” என்றார்.

ஆர்லீன் கரண்டியோடு திரும்பினாள். “ஏன் மெர்ல், எனக்கு அடைக்கிறதுதான் வேலையா? அங்க பாரு, பாத்திரம் கழுவுற தொட்டி அடைச்சு மூணு வாரமாச்சு. அதுல குச்சி விட ஒரு ஆம்பளையக் காணோம்.”

“சரிம்மா, கோவிச்சுக்காத. திருகு கொண்டாரேன், குண்டுகள ஒவ்வொண்ணா உருவிப் போட்டுடலாம்” என்றார் மெர்ல்.

நான் விடவில்லை. தாங்களே சொல்லுங்கள், கிடைத்த நிலையில் இருப்பதைத் தொடலாமா? உருவிவிட்டால் சாட்சி ஏது? பேய் உண்டா இல்லையா என்பது என் கேள்வியே இல்லை. ஒரு சிப்பாய் செத்த பிறகும் தேடி வந்து தோட்டா அடைக்கிற துப்பாக்கி எப்படிப் போலியாக இருக்கும், அதற்குப் பதில் வேண்டும்.

இதை ஆர்லீனிடமும் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “எல்வுட், குழாய் நாப்பது அங்குலம்னு சொன்ன. அது நிறைஞ்சிட்டா அவன் என்ன பண்ணுவான்? அப்புறம் சுட்டுத்தானே ஆகணும்? என் நாற்காலி எதிர்லதான அது தொங்குது.” அன்று மாலையே யார்க்குக்குப் போய்விட்டாள். ‘ஒண்ணு அது அடங்கணும், இல்ல வீட்டை விட்டுப் போகணும், அப்புறம் கூப்பிடு’ என்பது அவள் கடைசி வார்த்தை. நாற்பது வருடத்தில் நான் தனியாக முட்டை பொரிப்பது இதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயத்தைவிடப் பாவமாக இருக்கிறது. கெட்டிஸ்பர்க் வயல்களில் சண்டைக்குப் பிறகு பொறுக்கிய துப்பாக்கிகள் பலவற்றில் சுடாமலே தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்திருந்தார்கள் என்று தாங்களே ஒரு முறை எழுதினீர்கள். அந்த இரைச்சலில் தன்னுடையது வெடித்ததா இல்லையா என்றுகூட அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருக்காது. ஜே. கே.யும் அப்படித்தான் அடைத்துக்கொண்டே இருந்திருப்பான். அவனைப் பார்த்து, நீ போர்க்களமே போகவில்லை என்று நூற்றிருபது வருடம் கழித்து அச்சில் போட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்று காலை இருபத்துநான்கு அங்குலம், அதாவது பன்னிரண்டு குண்டு. ஆகவே வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் நேரில் வந்து, குச்சியைத் தங்கள் கையாலேயே விட்டுப் பார்த்து, அதன் வயதுக்குச் சாட்சியான நூற்றாண்டுத் துருவையும் பழுப்பையும் கண்ணால் கண்டு, அடுத்த மடலில் திருத்தம் வெளியிட வேண்டும். துப்பாக்கியிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். “சனிக்கிழமை பத்து மணிக்குப் பெரியவர் ஒருத்தர் உன்னைப் பரிசோதிக்க வரார், கவலைப்படாதே” என்றேன். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அதனிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

தங்கள் துப்பாக்கிகளின் பழுப்பு என்றும் மங்காமலும், கட்டைகளில் பூச்சி அண்டாமலும், தங்கள் முழங்கால் குளிருக்கு முன் குணமாகவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்,
எல்வுட் ஸ்டாம்பாக்

பின்குறிப்பு: செவ்வாய் காலை. தபால்தலை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. திருத்தம் வேண்டாம், மன்னிக்கவும். பரிசோதனை என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. படையில் இருந்தவன் அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரியெல்லாம் தேய்த்து மெருகேற்றியிருக்கிறான், துரு, பழுப்பு ஒன்றும் இல்லை. கணப்புச் சாம்பலும், ஆர்லீனின் பூப்பாத்தியில் இருந்த செங்கலின் பொடியும் விரிப்பெங்கும் சிந்திக் கிடக்கின்றன, துப்பாக்கியில் முகம் பார்த்து மழிக்கலாம். மெர்ல் வந்து, “இது ஏது, கடையில புதுசா வாங்கினியா?” என்று கேட்டார். பார்த்தால் நானே போலி என்றுதான் சொல்வேன்.

சாப்பாட்டு மேசையில் குண்டுகளை ஒரே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். மூன்று தடவை எண்ணினேன், பதினொன்றுதான் இருக்கின்றன. குச்சி அடிக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிற்கிறது, பன்னிரண்டாவது உள்ளேயே இருக்கிறது. துப்பாக்கி ஆணியில் இல்லை, வாசற்கதவோரம் நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே வந்தால் ‘போலி’ என்ற சொல்லை மட்டும் வாசலில் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். வராமலும் இருந்துவிடாதீர்கள், அவனிடம் பத்து மணி என்று சொல்லிவிட்டேன்.