வரியை அழிக்க வாழைப்பழத்தோடு போனவர்

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதுகிறார்கள். அடுத்தவர் எழுதிய வரியை அழிப்பதற்கு அவர் வீட்டுக்கே போய் அனுமதி கேட்ட ஒரே மனிதர் எங்கள் 'ஏனுங்க' அண்ணன்தான். அடித்துச் சொல்வேன்.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரின் அடி ஆழத்தில் ஓடும் கெர்னல் என்கிற புரோகிராமை உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் ஒரு மூலையில் நாங்களும் உண்டு. ஒரே இடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றிவிட்டால், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று மெஷின் கையை விரித்துவிடும். மற்றவர்கள் ஒன்றை வைத்து, ஒன்றை வெட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எங்கள் ஆபீஸில் அந்த வேலை அண்ணனிடம் இருந்தது.

"ஏனுங்க, உங்க வரியை எடுத்துப்போடட்டுங்களா?" என்று நாற்காலி நாற்காலியாக வந்து நிற்பார். பெயரே அப்படித்தான் வந்தது. ஜெர்மனிக்காரர் ஒருவருடைய வரியை எடுக்க வேண்டி வந்தபோது, வீடியோ காலில் கூப்பிட்டு, முதல் கேள்வியாகச் சாப்பிட்டாயிற்றா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அந்த மனுஷர் திருதிருவென்று விழித்தார். அடுத்த தடவை அவரே முந்திக்கொண்டு, சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள் நான், என் தலையில் விடியும்வரை. கெர்னலுக்கு என் பெயரில் போகிற முதல் மாற்றம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது போய் செல்வியின் வரிகளோடு மோதித் தொலைத்தது. செல்வி என் பக்கத்து நாற்காலித் தோழி. இதே ஃபைலை வைத்து என்னோடு சண்டை போட்டு, ஆபீஸில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டுச் சோமனூருக்கே போய்விட்டவள். அப்புறம் எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"அவதான் போயிட்டாளேண்ணா, வெட்டி விடுங்க" என்றேன்.

"அதெப்படீங்க அம்மணி? ஊட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாங்க."

"போன்ல கேளுங்க!"

"போன்ல கேட்டா மரியாதைங்களா? நீங்களும் வரோணும். பத்திரிகை வெக்கறப்ப கல்யாண ஊட்டுக்காரங்க போகாம இருப்பாங்களா?"

சனிக்கிழமை காலை அவர் ஸ்கூட்டரில், மடியில் லேப்டாப்பும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த செல்வி, "வாங்கண்ணா" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் ஓடிய தறிச் சத்தத்தில் அண்ணன் கத்தினார்: "ஏனுங்க, உங்க வரியை எடுத்துப்போடட்டுங்களா?"

செல்வி லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இதை எடுத்தா மெஷின் தூங்கி எந்திரிக்கறப்ப அப்படியே நின்னுக்கும். தெரியாதா உனக்கு?"

"நீ எழுதி வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தள்ளி உட்காரு."

உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஒரே கீபோர்டில் அடித்துக்கொண்டோம். அண்ணன் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து காப்பியும் குடித்தார். மாற்றம் எங்கள் இருவர் பெயரிலும் போனது. சில வாரங்களில் கெர்னலிலும் ஏறிவிட்டது.

அன்று திரும்பும் வழியில் அண்ணனைக் கேட்டேன்: "எங்க சண்டையைத் தீர்க்கத்தானேண்ணா கூட்டிட்டு வந்தீங்க?"

ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டார். மனுஷர் நிஜமாகவே பதறிப்போனார்.

"சண்டைங்களா? எனக்குத் தெரியாதுங்களே! தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்போமுங்களே அம்மணி!"

ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே அழுதேன். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.