118.6 புள்ளிகள் பற்றிய திருத்தம் வேண்டாம்

அலுவிகாரை,
மாத்தளை.
21.06.2003, சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாத்தளை மாவட்ட நிருபர் சி. மகாலிங்கத்தின் பணிவான வணக்கம். தாங்களும் ஆசிரியபீடத்தாரும் நலமென்று நம்புகிறேன். இங்கு நானும் மனைவி ஞானாம்பிகையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னதாக அறிவித்தல் தருகிறது. தாங்கள் பன்னிரண்டாம் திகதியிட்டு எழுதிய கடிதம், பொசன் விடுமுறை குறுக்கிட்டபடியால், பதினேழாம் திகதி காலை பத்தேகாலுக்குத்தான் கைக்கு வந்தது. மே 28ஆம் திகதி ஐந்தாம் பக்கத்தில் வெளியான என் செய்தி, இங்கிலாந்தில் நடந்த குதிரைப் போட்டி பற்றி வாசகர்களுக்குப் பிழையான எண்ணத்தைத் தந்துவிட்டதாகக் கண்டியிலிருந்து குதிரை விடயம் தெரிந்த ஒருவர் எழுதியிருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் நான் திருத்தம் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். திருத்தம் அனுப்ப முடியாது என்பதை அறியத்தரவே இக்கடிதம். காரணத்தை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

செய்தியில் வரும் அருந்ததி என் மகள். அதைச் செய்தியில் குறிப்பிடாதது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு முன் முப்பத்துநான்கு ஆண்டுகளில் சொந்தக்காரர் எவருடைய பெயரையும் நான் செய்தியில் ஏற்றியதில்லை. எண்பத்துமூன்றில் எங்கள் வீடு எரிந்த பிறகு, ஒன்பது வயதில் அவளை என் தங்கையுடன் இங்கிலாந்துக்கு அனுப்பினோம். டாக்டராக வருவாள் என்று எண்ணினோம். தங்கையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம் இருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் அங்கே சாணம் அள்ளப் போனவள் பதினாறில் குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்தாள். இருபத்தொன்றில் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, இனிக் குதிரை ஓடுவதுதான் என் தொழில் என்று எழுதினாள். ஞானாம்பிகை மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அதன் பிறகு கலியாண வீடுகளில் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கால்நடைத் துறையில இருக்கிறா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவாள்.

மகள் ஓடும் போட்டிக்கு ஈவென்டிங் என்று பெயர். முதல் நாள் குதிரை நடுவர்களுக்கு முன்னால் அளந்து நடந்து, திரும்பி, நின்று காட்ட வேண்டும். இரண்டாம் நாள் காடு மேடெல்லாம் ஓடி மரக்குற்றி, பள்ளம், குளம் எல்லாவற்றையும் பாய வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் வைத்த தடிகளைத் தட்டி விழுத்தாமல் தாண்ட வேண்டும். மூன்று நாளும் ஒரே ஆள், ஒரே குதிரை. 1999இல் அவள் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கி இரண்டாம் நாளே விலக்கப்பட்டாள். இப்போது ஓடும் குதிரைக்கு அவளே 'மாத்தளை கொக்கோ' என்று பெயர் வைத்துப் பதிந்திருக்கிறாள். நல்ல கொக்கோ நிறமாம். மே 25ஆம் திகதி முடிந்த போட்டியின் முழுப் பெறுபேற்றையும் மறுநாள் பக்ஸில் அனுப்பினாள். முதலிடம் பெற்றவருக்கு 41.2 புள்ளிகள். இருபத்துமூன்றாம் இடத்தில் அருந்ததி, 118.6 புள்ளிகள். நான் அதை அப்படியே எழுதினேன். தாங்களும் அப்படியே போட்டீர்கள்.

பத்திரிகை வந்த அன்று காலை ஏழரைக்கு உருத்திரமூர்த்தி மாஸ்டர் சிவப்புப் பென்சிலும் பத்திரிகையுமாக என் படலையைத் திறந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தமிழ்ப் பிள்ளைகள் கூடிய புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற தரப்படுத்தல் காலத்தில், எழுபத்துநான்கில், அவருடைய மகனுக்கு மருத்துவ பீடம் தவறிப்போனது. மகன் இப்போது கனடாவில் மூன்று கடை வைத்திருக்கிறான், எல்லாவற்றையும் மறந்துவிட்டான். மாஸ்டர் மறக்கவில்லை.

"மகாலிங்கம், இதென்ன அநியாயம்? நூத்திப் பதினெட்டு தசம் ஆறு எடுத்த பிள்ளைக்கு இருபத்திமூண்டாம் இடம். நாப்பத்தொண்டு எடுத்தவளுக்கு முதலாம் இடம். அங்கையும் தரப்படுத்தலைக் கொண்டந்திட்டாங்களோ?"

"குதிரைக்குமா மாஸ்டர்?"

"குதிரையை மட்டும் ஏன் விடுறான்? அதின்ரை பேரிலயும் மாத்தளை எண்டு கிடக்கல்லோ!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. புள்ளி கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று நான் மகளிடம் கேட்டிருக்கவில்லை. முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கத் தோன்றவில்லை. இந்த நாட்டில் புள்ளி எடுத்த தமிழன் எவனுக்கும் தோன்றாது.

அன்று பின்னேரமே மாஸ்டர் ஆங்கிலத்தில் ஏழு பக்கத்தில், வரைபடம் ஒன்றும் சேர்த்து, போட்டி நடத்தியவர்களுக்கு மனு எழுதிவிட்டார். கையொப்பம் சேர்ப்பதை, தினமும் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் மாரிமுத்து ஏற்றுக்கொண்டார். "எங்கிட்டக் குடுங்க மாஸ்டர். நாலந்தாவுல டீ குடிக்க நிறுத்துவேன், அங்க கொஞ்சம் வாங்கிக்கலாம், மிச்சத்த தம்புள்ளையில பாத்துக்குறேன்" என்று வாங்கிப் போனவர் நான்காம் நாள் 743 கையொப்பங்களோடு வந்தார். நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அவற்றில் 412 சிங்களத்தில் இருந்தன. அவர்களிடம் என்ன சொல்லி வாங்கினீர் என்று கேட்டேன். "உண்மையத்தாங்க சொன்னேன். நம்ம மாத்தளைப் புள்ளையோட புள்ளிய வெள்ளக்காரன் களவெடுத்துட்டான்னேன். 'அப்பே கெல்ல, அப்பே கெல்ல'ன்னு, அதான் 'நம்ம பொண்ணு'ன்னு, அவங்க சொந்தப் புள்ள மாதிரி அடிச்சுப் புடிச்சுப் போட்டாங்க. ஒருத்தரு மூட்டை மேலயே வச்சுப் போட்டாரு. அதான் அஞ்சாம் பக்கத்துல தக்காளிக் கறை." தரப்படுத்தலுக்கு எதிரான மனுவில் சிங்கள வியாபாரிகள் வரிசையில் நின்று கையொப்பமிட்டதை என் தொழில் வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன். அதைச் செய்தியாக எழுத முடியாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம். மனு பதிவுத் தபாலில் இங்கிலாந்துக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை என்னால் நிறுத்த முடியவில்லை. இரும்புக்கடைச் சாலிஹ் ஹாஜியார் தன் கடைக் கதவில் ஓராள் உயரத்துக்கு 118.6 என்று பச்சைப் பெயின்றில் எழுதுவித்தார். அதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். கோவிலில் 118 தேங்காய் உடைத்து, தசம் ஆறுக்கென்று ஒரு குரும்பையும் உடைத்தார்கள். டிசம்பரில் மகள் வரும்போது ஊர்வலத்துக்குக் குதிரை ஒன்று பிடிக்க வேண்டுமென்று குழு அமைத்து, மாவட்டத்தில் குதிரை இல்லையென்று தெரிந்ததும், லொறியில் குதிரை செய்யத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஞானாம்பிகை இருபது வருடத்துக்குப் பிறகு தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்து, "நீங்க தானே நூத்திப் பதினெட்டோட அம்மா?" என்று கேட்டாளாம். "ஓம், குதிரை ஓடுறவ என்ரை மகள்தான்" என்று சொல்லிவிட்டு வந்து, அதை எனக்கு ஆறு தரம் சொன்னாள்.

யூன் ஐந்தாம் திகதி மகள் தொலைபேசியில் வந்தாள். நான் மனு விடயத்தைச் சொன்னேன்.

"ஐயோ அப்பா, கூடினாக் கூடாதப்பா! ஒவ்வொரு பிழைக்கும் புள்ளி ஏறும். முதல் நாள் கொக்கோ நடுவருக்கு முன்னால வைச்ச பூச்சாடியைக் கண்டு துள்ளினவன், அதுக்கு ஐம்பது தசம் ஆறு. ரெண்டாம் நாள் தண்ணிக்குள்ள இறங்கமாட்டன் எண்டு ரெண்டு தரம் நிண்டிட்டான், அதுக்கு அறுபது. கடைசி நாள் ரெண்டு தடி, எட்டு. அதைப் போய் பேப்பரில போட்டனீங்களே!"

கூட்டிப் பார்த்தேன். 118.6 சரியாகத்தான் வந்தது.

அன்றே மாஸ்டரிடம் போய் விளக்கினேன். இந்தப் போட்டியில் குறைந்த புள்ளிதான் கூடிய புள்ளி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்பிடித்தான் அண்டைக்கும் எங்களுக்கு விளங்கப்படுத்தினவங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து ஞானாம்பிகையிடம் சொன்னேன். "இவ்வளவு சனம் எங்கட பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கு. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கோ" என்றாள்.

ஐயா, இந்த நிலையில்தான் தங்கள் கடிதம் வந்தது. என் செய்தியை மறுபடியும் மூன்று தரம் வாசித்தேன். பெயர், திகதி, இடம், புள்ளி எதிலும் பிழையில்லை. வாசித்தவர்கள் தாங்கள் பட்டதைக் கொண்டு வாசித்தார்கள். அதற்குத் திருத்தம் எப்படி எழுதுவது? இந்த மாவட்டத்திலிருந்து நான் அனுப்பிய செய்திகளில் பாதிக்கு மேல் எரிந்த வீடுகள், காணாமற்போனவர்கள், ஊரடங்கு. இப்போது போர்நிறுத்தத்தால் ஏ-ஒன்பது வீதி திறந்திருக்கிறது. யாழ்ப்பாணம் போகிற பஸ் எங்கள் வாசலால் போகிறது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஒரு பிழையான கணக்குக்காகச் சந்தோஷமாக இருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அதில் நான் கை வைக்க மாட்டேன். திருத்தம் வந்தே ஆகவேண்டுமென்று தாங்கள் தீர்மானித்தால், என் நிருபர் அட்டையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் என் செய்தி எதற்கும் திருத்தம் வந்ததில்லை. அப்படியே போய்விடுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லாம் வல்லவன் தங்களுக்கும் பத்திரிகைக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக.

இப்படிக்கு,
என்றும் மரியாதை மாறாத,
சி. மகாலிங்கம்

பி.கு.: திங்கள் காலை, 23.06.2003. சனி மத்தியானத்தோடு தபாற்கந்தோரை மூடிவிட்டபடியால் இக்கடிதம் என்னிடமே இருந்தது. மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து விட்டுவிடவும். திருத்தத்தை உடனே போடவும்.

நேற்றுப் பின்னேரம் மகள் அயர்லாந்திலிருந்து பேசினாள். அழுதுகொண்டு பேசினாள். அங்கு நடந்த சர்வதேசப் போட்டியில் முதலிடம். 39.4 புள்ளிகள். இம்முறை நான் முதலாவதாக, "குறைஞ்சதுதானே நல்லது?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பதினேழு வருடம் சாணம் அள்ளிய பிள்ளைக்கு முதல் வெற்றி. ஞானாம்பிகையிடம் சொன்னேன். அவள் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள், புள்ளியையும் சேர்த்து. நாற்பது நிமிடத்தில் மாஸ்டர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனம் தளராதையுங்கோ மகாலிங்கம். எங்கட மனுவுக்குப் பயந்து முதலாம் இடத்தைக் குடுத்திட்டாங்கள். ஆனா பிள்ளையின்ரை புள்ளியை இப்பிடி வெட்டிப் போட்டாங்களே!"

மாரிமுத்து ஒரு பை நிறைய பீற்றூட்டோடு வந்தார். "பாப்பாவுக்கு என்னாச்சுங்க? நூத்திப் பதினெட்டு எடுத்த புள்ள முப்பத்தொம்பதுக்கு வந்துருச்சே. சரியாச் சாப்புடுறதில்லையோ?" சாலிஹ் ஹாஜியார் கடைக் கதவைத் திறந்து மடித்து, இலக்கம் தெரியாமல் வைத்துவிட்டாராம், எங்கள் மனம் நோகாதிருக்க. இன்று காலையும் சனம் வந்தபடி இருக்கிறது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. என்னை வாய் மூடச் சொன்ன ஞானாம்பிகை சற்று முன் குசினிக்குள் கூப்பிட்டு, "என்ரை பிள்ளை வெண்டிருக்கு, இதுகள் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குதுகள். இண்டைக்கே அந்தத் திருத்தத்தைப் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

திருத்தத்தை எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். முதற்பக்கத்தில், என் பெயரோடு, பெரிய எழுத்தில் வரட்டும். திருத்தம் மேலேயும் வெற்றிச் செய்தி அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். தலைகீழாக வந்தால் மாஸ்டரின் இரண்டாவது மனு கிளம்பிவிடும். அவர் இப்போது விறாந்தையில் இருந்து அதைத்தான் எழுதுகிறார். பேனை கொண்டுவரவில்லை என்று என்னுடையதை வாங்கிக்கொண்டார். ஆகவே இந்தக் கடைசி வரிகளைப் பென்சிலால் எழுதுவதற்கு மன்னிக்கவும்.