பனாமா கால்வாய் திறந்த அதே தேதியில்

கொடி அவிழவில்லை.

ஜெனரல் மானேஜர் கயிற்றை ஒரு தடவை இழுத்தார். அப்புறம் கொஞ்சம் கௌரவத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கம்பத்தின் உச்சியில் கொடி சுருட்டிக் கட்டிய மூட்டையாகவே உட்கார்ந்திருந்தது. உள்ளே வைத்த சாமந்தி இதழ் ஒன்றுகூட விழவில்லை. காவலர்கள் சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள்.

ஸ்டோர்ஸ் சூசைராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. தெலுங்கு நாட்டில், குஷாய்குடா பக்கத்தில் இருந்த அந்த அரசாங்கத் தொழிற்சாலையில் வருஷா வருஷம் கொடிக்கு முடிச்சுப் போடுகிறவர் அவர்தான். தூறல் போடுகிறதே, தானாக அவிழ்ந்து தொலைத்தால் மானம் போகுமே என்று இன்றைக்குப் பார்த்து ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தார். அந்த ஒரு சுற்றுதான் இப்போது மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மற்ற வருஷமாக இருந்தால் பரவாயில்லை. இன்றைக்கு ஒன்பது மணிக்கு அவர் மகள் மெட்டில்டாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். திருமுல்கேரியில் இருக்கும் ரிட்டயர்டு சுபேதார் ஆரோக்கியசாமியின் குடும்பம். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினால் எழுந்து போய்விடுகிற மனிதர் என்று கேள்வி. மெட்டில்டாவுக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. இதுவும் கைநழுவினால் வேறு இடம் எங்கே தேடுவது?

இதற்கு முன் மூன்று இடம் நழுவிப் போயிருந்தது. அதில் சூசைராஜின் பங்கு என்ன என்பது சூசைராஜைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும். மனிதருக்கு ஒரு பைத்தியம். எந்தத் தேதியைச் சொன்னாலும் அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று ஒப்பிப்பார். முதலில் வந்தவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பஜ்ஜி ஆறிப்போக, எழுந்து போனார்கள். இரண்டாவது மாப்பிள்ளை ஏப்ரல் பதினைந்தில் பிறந்தவன். "அடடே, டைட்டானிக் கப்பல் முழுகின நாளாச்சே!" என்று இவர் சந்தோஷமாகச் சொல்ல, பையனின் தாயார் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். மூன்றாவது இடத்தில் எல்லாம் கூடி வந்தது. அவர்கள் குறித்த கல்யாணத் தேதியில் உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று இவரே ஆட்சேபித்துக் கெடுத்தார்.

நாலாவது இடம் வந்தபோது மனைவி லூர்துமேரி அப்பாவி முகத்தோடு ஒரு கேள்வி கேட்டாள். பதினாலாம் தேதி வரச் சொல்லவா, பதினைந்தாம் தேதி வரச் சொல்லவா? இதைப் போய்க் கேட்பாளா! பதினைந்து என்றால் சுதந்திர தினம். தேவமாதா விண்ணேற்புத் திருநாள். நெப்போலியன் பிறந்தது, அரவிந்தர் பிறந்தது, பனாமா கால்வாய் திறந்தது, நம் தபாலுக்குப் பின்கோடு வந்தது, எல்லாம் அன்றைக்குத்தான். இத்தனை பெரிய விசேஷங்களோடு தன் மகள் விசேஷமும் சேரட்டும் என்று துள்ளினார். காலையில் தொழிற்சாலைக் கொடியும் கோயில் சப்பரமும் தன் தலையிலேயே விடியும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

கொடியை இறக்கி, முடிச்சைத் தளர்த்தி, மறுபடி ஏற்றி, ஒரு வழியாக இதழ்கள் மானேஜரின் வழுக்கைத் தலையில் கொட்டின. சூசைராஜ் சைக்கிளை நோக்கி நழுவினார். நழுவ விட்டார்களா? தாமதத்தைச் சமாளிக்க மானேஜர் தன் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, வழக்கம்போல சூசைராஜ் இந்நாளின் பெருமையைச் சொல்வார் என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டே வார்த்தையில் முடித்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். சத்தியமாக அந்த எண்ணம்தான். ஆனால் நெப்போலியனைச் சொல்லிவிட்டுப் பனாமாவை விட்டால் பனாமா என்ன பாவம் செய்தது? கால்வாயில் கப்பல் எப்படிப் படிப்படியாக மேலே ஏறி இறங்குகிறது என்று அவர் கையால் காட்டிக்கொண்டிருந்தபோது கேண்டீன்காரர்கள் லட்டுத் தட்டோடு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

பேசி முடித்ததும் செக்யூரிட்டி அறைக்கு ஓடினார். பக்கத்து வீட்டு எஞ்சினியர் ராமசுவாமி வீட்டில் போன் உண்டு. மனைவியைக் கூப்பிடச் சொல்லி, எப்படியாவது அவர்களைப் பத்தரைக்கு வரச் சொல்லும்படி கெஞ்சினார். பூகம்பம் வெடிக்கும் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார்.

"அதுக்கென்னங்க, நான் பாத்துக்கறேன். நீங்க நிதானமா வாங்க," என்றாள் லூர்துமேரி.

சூசைராஜ் ரிசீவரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு அமைதியாகப் பேசியதே இல்லை. கோபம் எல்லை கடந்துவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டார்.

கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தார். அங்கே மாதா சப்பரம் புறப்படத் தயாராக இருந்தது. முன்பக்கத்து வலது தோள் இவருடையது. உயரம் பொருந்துகிற ஆள் வேறு இல்லை. விட்டுவிட்டால் மாதா ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான் ஊர்வலம் போக வேண்டும். சரி, சுருக்கமாக முடிக்கலாம் என்று யோசனை ஓடியது. பெரிய தெருவைச் சுற்ற வேண்டாம், குறுக்குச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம் என்று தூக்குகிறவர்களிடம் சொன்னார். பாவம், நம்பினார்கள். சந்தின் நடுவில் யாரோ சுதந்திர தினத்துக்குக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாதாவின் கிரீடம் அதில் சிக்கிக்கொண்டது. முன்னால் போக முடியாது, பின்னால் பாட்டுக் கோஷ்டி அடைத்துக்கொண்டு நின்றது. தோளில் சப்பரத்தோடு, தலையில் பச்சைக் காகிதத்தோடு சூசைராஜ் நின்றார்.

'தாயே, உன் நாளையும் கெடுத்தேன். என் பிள்ளை நாளையும் கெடுத்தேன்,' என்று நிஜமாகவே கண் கலங்கினார். மகள் முகம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடம் தட்டிப்போனபோதும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காப்பித் தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாள்.

சப்பரம் கோயில் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. வாசலில் காஜா மியானின் ஆட்டோ. காலனித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓட்டி ஓட்டித் தமிழ் பழகியவன். அம்மா அனுப்பினார்கள் என்றான். இத்தனை கோபத்திலும் ஆட்டோ அனுப்பியிருக்கிறாளே என்று சூசைராஜுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

ஆனால் அந்த ஆட்டோ சவாரியைச் சத்துருவுக்கும் கொடுக்கக் கூடாது. முதலில் வண்டி இருமியது. காஜா இறங்கி எதையோ திருகினான். பிறகு ஸ்கூல் பிள்ளைகள் கொடி பிடித்து வருகிறார்கள் என்று வேறு தெருவில் திருப்பினான். ஒரு வழியாக வீட்டுத் தெருமுனை வந்தது. காஜா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான். "அந்தப் பக்கம் ரோடு தோண்டியிருக்கு சாப்," என்று நேராகப் போய்விட்டான். மறுபடி ஒரு சுற்று, மறுபடி தெருமுனை, மறுபடி மேலே பார்வை. சூசைராஜ் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. எந்த ரோடும் தோண்டியிருக்கவில்லை. தூறல் விடாமல் போட்டுக்கொண்டிருக்க, அவர் வீட்டு மாடிச் சுவரில் மெட்டில்டாவின் மஞ்சள் சேலை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது. துணியை எடுக்கக்கூட வீட்டில் யாருக்கும் நினைவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

தலை குனிந்தபடி உள்ளே போனார். சுபேதார் போயிருக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து இரண்டாவது தட்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி," என்றார்.

சூசைராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச்சு முடிந்துவிட்டதாம். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது, ஜனவரியில் கல்யாணம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தேசத்துக்கும் தேவமாதாவுக்கும் கொடுத்த நேரத்துக்கு மன்னிப்பு எதற்கு என்று சுபேதார் அடக்கிவிட்டார்.

மாப்பிள்ளை ஸ்டனிஸ்லாஸ் எழுந்து நின்று பணிவாகக் கேட்டான். "மாமா, இன்னைக்குத்தானே பனாமா கால்வாய் திறந்தாங்க?"

சூசைராஜ் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். உலகத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா! மெட்டில்டா சமையலறை வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணினார். அவருக்கும் அழுகை வந்தது, அவர் மூடிக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தட்டுக் கேசரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆட்டோக்காரன் மேல் மட்டும் கோபம் தீரவில்லை. தட்டைக் கொடுத்துக்கொண்டே, பெண் பார்க்கிற நாளில் மனுஷனை இப்படிச் சுற்ற வைக்கலாமா என்று பிடித்துக்கொண்டார்.

காஜா மியான் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு மாடியைக் காட்டினான்.

"குஸ்ஸா நக்கோ சாப், கோவிச்சுக்காதீங்க. பேச்செல்லாம் முடிஞ்சதும் மஞ்சள் சேலை தொங்க விடறேன், அது வரைக்கும் அப்பாவைக் கொண்டு வராதேன்னு பாப்பாதான் சொல்லிச்சு."