பந்தி மாமா பாட்டை நீக்கும்படி

பூதப்பாண்டி

அத்தான் அவர்களுக்கு, தாணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலமென்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்காளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். நான் போன் செய்தால் உங்கள் வீட்டில் சிக்னல் போய்விடுகிறது, ஆகவே தபால்.

விஷயம் உங்கள் மகன் ரதீஷைப் பற்றியது. இன்ஜினியர் வேலையை விட்டான். ஆர்மோனியத்தோடு மேடையேறி, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் பாட்டு என்று ஆட்களைச் சிரிக்கவைப்பதைத் தொழிலாக்கிக்கொண்டான். கொச்சி, பெங்களூர், போன மாதம் ஷார்ஜா என்று வளர்கிறான். வளரட்டும். என் முதுகில் ஏறி நின்று வளர்வதுதான் எனக்கு ஆட்சேபணை. "பந்தி மாமா" பாட்டு இல்லாமல் அவனுக்கு நிகழ்ச்சியே இல்லை. கல்யாண வீட்டில் ஒரு மாமா கைகழுவும் இடத்தில் நின்று வாழைமரத்தைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் வந்து மூன்று தடவை கையைப் பிடித்து அழைத்தாலொழியப் பந்தியில் உட்கார மாட்டார். அதற்குள் பாயசம் தீர்ந்துவிடுகிறது. அது தீர்ந்தது உங்கள் வீட்டு விசேஷத்தில். நீங்கள் அழைத்தது ஒரே தடவை, அதுவும் தூரத்திலிருந்து தலையை அசைத்து. இதை அவன் பாடுவதில்லை. மருமக்கள்வழி ஒழிந்து நூறு வருடமாகிறது. மாமன் சொத்து மருமகனுக்குப் போவதை நிறுத்தினார்கள். மாமன் மானம் போவதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவனிடமே கேட்டேன்.

"மாமா, அது நீங்க இல்ல, கேரக்டரு."

"வாழமரத்தப் பாத்துக்கிட்டு நிக்கது நாந்தாம்லா?"

"நிக்கது நீங்கதான். பாட்டுல உள்ளது கேரக்டரு."

"ஏலே, அத எடுத்துரு."

"எடுத்தா ஆளுவ எந்திரிச்சுப் போயிருவாவ மாமா."

இந்த நிலையில்தான் என் மகள் கிருஷ்ணப்ரியாவைப் பெண்பார்க்க நெய்யூரிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா காபியைக் குடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "ரதீசுக்க மாமா நீங்கதானா?" ஆமாம், அவனுக்கு ஒரே மாமா என்றேன். பிறகு அவர் மூக்குக்குள்ளேயே ஒரு மெட்டை இழுத்தார். எந்த மெட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவி தொடையில் கிள்ளினாள். பையன் போன் வந்தவனைப் போல முற்றத்துக்கு எழுந்து போனான். போன் மேஜையிலேயே இருந்தது. வெளியே அவன் தோள் குலுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "வீட்டுல பேசிட்டுச் சொல்லுகோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். "அவ்வொ சிரிச்சிட்டுத்தானப்பா போனாவ" என்கிறாள் மகள். சொல்கிறாளே தவிர, அன்றிலிருந்து போனைக் கையைவிட்டு இறக்குவதில்லை. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அதற்குக் காரணம் ஓர் ஆர்மோனியம் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

ஆகவே அந்தப் பாட்டை யூடியூபிலிருந்தும் மேடையிலிருந்தும் உடனே நீக்கச் செய்யவும். தவறினால் உங்கள் வீட்டு நல்லது பொல்லாதது எதிலும் என் தலை தெரியாது. நீங்களும் அக்காளும் நோய்நொடியின்றி நெடுநாள் இருந்து மகனைக் கண்டிக்கும்படி தாணுமாலயன் அருளட்டும்.

இப்படிக்கு,
தாணப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நெய்யூரிலிருந்து போன், பையனின் அப்பாதான். "என்ன வேய், பந்தி மாமா வீட்டுல சம்பந்தம் பண்ணுகோம்னு சொந்தக்காரன் எல்லாருட்டயும் சொல்லியாச்சு. காட்டலாம்னு போனத் தொறந்தா பாட்டக் காணல. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்." என் வற்புறுத்தலுக்காக ரதீஷ் நேற்றே அதை எடுத்துவிட்டானாம். மேலே எழுதியவை எல்லாம் உண்மை, எனவே கிழிக்கவில்லை. ஆனால் பாட்டை இன்றே மறுபடி ஏற்றச் சொல்லவும். அடியில் என் பெயரும் இருக்கட்டும், எம்.ஏ., எம்.பில். உட்பட.